தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு ஒரு பூமரம்

வீட்டு வாசலில் கொஞ்சம் இடம்தான் இருக்கிறது, பூக்கிற மரமும் வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு ஈழத்தலரி. நர்சரியில் புளூமேரியா என்று கேளுங்கள். 20, 25 அடிக்கு மேல் அநேகமாகப் போகாது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். நிகராகுவாவின் தேசிய மலரும் இதுவே. இலங்கை விகாரைகளில் தட்டுத்தட்டாகப் படைக்கப்படுவதைப் பார்த்தால் வெளியூர்ச் சரக்கு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் இதன் வாசம் தூக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. ஆனால் பூவுக்குள் ஒரு சொட்டுத் தேன் கிடையாது! வாசத்தை நம்பி வரும் பூச்சி ஒவ்வொரு பூவாகக் குழலை நுழைத்துப் பார்த்து ஏமாறும். அதற்குள் மகரந்தம் இடம் மாறிவிடும். கோஸ்டாரிகா மரங்களில் இந்த மோசடியைக் கவனித்த வில்லியம் ஹேபர் 1984-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இப்படி வஞ்சித்தும் காய் பிடிப்பது அபூர்வம்தான். பிடித்தாலும், விதைக்கன்று தாய்மரத்தின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது. விரும்பிய நிறம் வேண்டுமென்றால் போத்துதான் வழி.

ஓர் அடி நீளத்துக்குக் கிளை நுனியை வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஒன்றிரண்டு வாரம் சும்மா போட்டுவையுங்கள். பால் வடியும் வெட்டுவாய் காய்ந்து மூடாமல் நட்டால் அழுகிவிடும். மணல் கலந்த செம்மண், நல்ல வெயில், தண்ணீர் தேங்காத இடம் போதும். தளிர் விடும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் சரி.

வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். செத்துவிட்டதோ என்று பயந்து குடம் குடமாக ஊற்றுவார்கள்; உண்மையில் அப்போதுதான் சாகும். தடித்த தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்திருக்கும் மரத்துக்கு, உறங்கும் காலத்தில் ஈரம் என்றால் வேரழுகல் என்று பொருள்.

பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். கவாத்து செய்தால் கிளைகள் பெருகும். ஆனால் வெட்டிய கிளை மறுபடி பூக்க ஒரு பருவம்கூட ஆகலாம். ஆகவே அழகு பார்த்து எல்லாக் கிளையையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். இலையடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துருநோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். வெட்டும்போது கையுறை அவசியம்: பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.