எழுபது டிகிரியில் ஒரு முட்டுக்கட்டை

மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. அதன் முன்கால்கள் உடம்போடு எலும்பால் கோக்கப்படவில்லை, தசைகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கின்றன. நிற்கும்போது மாட்டின் எடையில் பாதிக்கு மேல் முன்பக்கம்தான் இறங்குகிறது. மேய்ந்தாலும் நடந்தாலும் படுத்து எழுந்தாலும் மார்புத் தசைகளுக்கு ஓய்வில்லை. பிரிஸ்கெட் என்று அமெரிக்கர்கள் சொல்லும் நெஞ்சுக்கறி இந்தத் தசைதான். ஓயாமல் உழைத்த தசை என்பதால் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் அதில் மண்டிக் கிடக்கும். தோசைக்கல்லில் போட்டு நாலு புரட்டு புரட்டி எடுத்தால் பல்லுக்கு மசியாது.

இந்த முரட்டுக் கறிதான் டெக்சஸ் மாநிலத்தின் பெருமை. ஜெர்மனியிலிருந்தும் செக் பகுதிகளிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸுக்குக் குடியேறிய கசாப்புக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய கறி கெட்டுப்போகாமல் இருக்கப் புகை போட்டார்கள். பருத்தி பறிக்க வந்த கூலியாட்கள் அதைத் தாளில் மடித்து வாங்கி அங்கேயே நின்று தின்றார்கள். லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900இல் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட் இன்றும் நடக்கிறது. வெகுகாலம் அங்கே முள்கரண்டியும் இல்லை, சாஸும் இல்லை. பிற்பாடு ஆஸ்டினில் 2009இல் ஒரு வண்டிக்கடையாக ஆரம்பித்த ஏரன் ஃபிராங்க்ளின், பெரிய உணவகச் சமையல்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் பியர்ட் விருதை 2015இல் வாங்கினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இறைச்சி அறிவியல் துறையினர் பிரிஸ்கெட்டுக்கென்றே ஒரு பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். சனிக்கிழமை இரவு வீட்டுக் கொல்லையில் புகை போட்டுக்கொண்டு விழித்திருப்பவர்களுக்கு அங்கே குறைவில்லை.

இதை நெருப்பின் கலை என்பார்கள். எனக்கென்னவோ இது தண்ணீர்க் கணக்காகத்தான் தெரிகிறது. கறியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய இருப்பது தண்ணீர். அது எப்போது வெளியேறலாம், எப்போது கூடாது என்பதைத் தெரிந்துகொள்வதே பாதி வித்தை.

முதலில் கறி. கடையில் பிரிஸ்கெட்டின் தட்டையான பாதியை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். புதியவர்கள் சிறியதாக இருக்கிறதே என்று அதை எடுப்பார்கள். கொழுப்பு குறைந்த அந்தப் பாதிதான் சீக்கிரம் வறண்டுபோகும். தட்டைத் தசையும் அதன் மேல் ஏறி நிற்கும் கொழுத்த தசையும் சேர்ந்த முழுத் துண்டே நல்லது. 6 கிலோ அளவில் கிடைக்கும். மேல்கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டு மற்றதைச் சீவி, உப்பும் கரகரப்பாக உடைத்த மிளகும் தடவினால் போதும். மத்திய டெக்சஸில் மசாலா அவ்வளவுதான்.

அடுப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. இல்லினாய் மாநிலத்துக்காரரான ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவை செய்யும் இரும்பு அரைக்கோளங்களைக் கொண்டு 1952இல் வடிவமைத்த உருண்டை மூடி அடுப்பு அமெரிக்காவில் பல வீடுகளில் உண்டு. கரிக்கட்டிகளை அதன் உள்விளிம்பை ஒட்டி அரைவட்டமாக அடுக்கி ஒரு முனையில் மட்டும் தணலை வைத்தால், நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி மணிக்கணக்கில் ஊர்ந்து போகும். கறியை நெருப்புக்கு நேர்மேலே வைக்கக் கூடாது. உள்ளே 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. மூடியில் பதித்த வெப்பமானியை நம்ப வேண்டாம். கறி கிடக்கும் மட்டத்தில் தனியாக ஒன்று வையுங்கள். இதையெல்லாம் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

புகைக்கு டெக்சஸ்காரர்கள் போஸ்ட் ஓக் என்ற கருவாலி வகை விறகைப் போடுவார்கள். மரத்தின் லிக்னின் வெப்பத்தில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் பிறக்கின்றன. நாம் புகைவாசம் என்று உணர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஈர விறகாக இருந்தால் நெருப்பின் சூடு அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே செலவாகி, அரைகுறையாக எரிந்து, வெள்ளை வெளேரென்று புகை கக்கும், கறி கசக்கும். மெல்லிய, நீலம் பாய்ந்த புகை வந்தால் நெருப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மரச்சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் பழைய அறிவுரையை மறந்துவிடலாம்.

ஈரம் இருக்க வேண்டிய இடம் கறியின் மேற்பரப்பு. புகை அதில்தான் நன்றாகப் படியும். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அந்த ஈரத்தில் கரைந்து மயோகுளோபின் என்ற நிறமியோடு சேர்ந்து, வெந்த பிறகும் அழியாத இளஞ்சிவப்பு வளையத்தை ஓரமாக உண்டாக்குகிறது. படம் எடுத்துப் போடுபவர்களுக்கு அதன்மேல் பெரும் மோகம். அதற்குச் சுவை ஒன்றும் கிடையாது. கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் நடுவர்கள் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றே விதி.

முதல் சில மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கறியின் உள்வெப்பம் மளமளவென்று ஏறும். பிறகு 65 டிகிரியைத் தாண்டி 75க்குள் எங்கோ ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் ஐந்து மணி நேரம்கூட. விருந்தாளிகள் வரும் நேரம் நெருங்க, புதியவர் வெப்பமானி பழுதோ என்று சந்தேகித்து நெருப்பைக் கூட்டுவார். பல பிரிஸ்கெட்டுகள் பாழாவது இங்கேதான்.

கொழுப்பு உருகுவதும் கொலாஜன் கரைவதும் வெப்பத்தைக் குடித்துவிடுகின்றன என்றே நெடுங்காலம் விளக்கம் சொன்னார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றையும் வெறும் மாட்டுக் கொழுப்புக் கட்டி ஒன்றையும் அடுப்பில் வைத்தார். கொழுப்பு தடங்கலின்றிச் சூடேறியது. ஸ்பாஞ்சோ கறியைப் போலவே நின்றுகொண்டது! உருகக் கொழுப்பும் கரையக் கொலாஜனும் இல்லாத ஸ்பாஞ்சு நின்றதென்றால் காரணம் ஆவியாதல்தான். உள்ளிருந்து கசியும் நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது, அடுப்பு கொடுக்கும் சூட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மண்பானையில் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே ஆவியாதல், இங்கே கொதிக்கும் அடுப்புக்குள் கறியைச் சூடேறவிடாமல் பிடித்துவைக்கிறது. மேற்பரப்பு உலர்ந்தால்தான் முள் மறுபடி நகரும்.

காத்திருக்கலாம், மேலே மிளகும் புகையும் சேர்ந்த கருத்த பொருக்கு நன்றாகக் கட்டும். அவசரமென்றால் கறியைச் சுற்றிக் கட்டலாம். அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவி வெளியேற வழியின்றி வெப்பம் விறுவிறுவென ஏறும், ஆனால் பொருக்கு ஊறிக் கொழகொழத்துவிடும். கசாப்புத் தாள் ஆவியைக் கொஞ்சம் விடும், கொஞ்சம் பிடிக்கும். பொருக்கு நன்கு கறுத்த பிறகு கசாப்புத் தாளில் சுற்றுவதையே முதல்முறை செய்பவருக்குச் சொல்வேன்.

இனி வேலை கொலாஜனுக்கு. 70 டிகிரிக்கு மேல் அது மெல்ல மெல்ல ஜெலாட்டினாக மாறுகிறது; வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். வழக்கமாக 95 டிகிரியை ஒட்டிப் பதம் வரும். என்றாலும் எண்ணைவிடக் கையை நம்புங்கள். வெப்பமானியின் ஊசி தட்டைப் பகுதியில் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் எடுத்துவிடலாம். அதற்குள் 12 மணி நேரமாவது போயிருக்கும். சீவியது, உருகியது, ஆவியானது எல்லாம் போக, வாங்கிய எடையில் ஏறக்குறையப் பாதிதான் கையில் இருக்கும். விருந்துக்கு ஆள் எண்ணி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடுத்ததும் கத்தியை வைக்காதீர்கள். தாளோடு துண்டில் சுற்றி, ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டிக்குள் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். சூடு தணியத் தணிய ஜெலாட்டின் கலந்த சாறு கெட்டிப்பட்டுக் கறிக்குள்ளேயே நிற்கும். சுடச்சுட வெட்டினால் பலகையில் ஓடிவிடும். 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் விடக் கூடாது, கிருமி பெருகும்.

வெட்டும்போது தசைநாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். இரண்டு தசைகளிலும் நார் வெவ்வேறு திசையில் ஓடுவதால், தட்டைப் பாகம் முடிந்ததும் கறியைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பென்சில் தடிமனில் ஒரு துண்டு அறுத்துத் தூக்கிப் பாருங்கள். தொங்கவிட்டால் அறாமல் நின்று, லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். இழுத்தும் பிரியாவிட்டால் அடுத்த துண்டுகளை மெல்லியதாக வெட்டுங்கள். தூக்கும்போதே உதிர்ந்தால் தடிமனாக.