ஒரு டப்பா பெஸ், ஒரு நோட்டு தீப்பெட்டிப் படம்

போன மார்ச்சில் எங்கள் வீட்டில் மூன்று நாள் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காரணம், பதினோரு பிளாஸ்டிக் பொம்மைத் தலைகள்.

என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. பெஸ் டிஸ்பென்சர் சேர்க்கிறான். தலையைப் பின்னால் தள்ளினால் கழுத்திலிருந்து ஒரு குட்டி மிட்டாய் எட்டிப் பார்க்குமே, அதேதான். டார்கெட்டில் பில் போடும் வரிசையில் இரண்டு மூன்று டாலருக்குத் தொங்கும். "அம்மா, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்காத குழந்தை நம் வீடுகளில் இருக்காது.

ஃப்ரீமாண்டில் எங்கள் வீடு சின்னது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சுத்தம் செய்கிற வேகம் வந்துவிட்டது. அவன் அலமாரியில் 'ரெண்டு ரெண்டாக' இருந்த பதினோரு பொம்மைகளை எடுத்து, சின்னதாகிப்போன ஸ்வெட்டர்களோடு ஒரே பையில் போட்டுப் பழைய பொருள் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் நீச்சல் வகுப்பில் இருந்தான். திரும்பி வந்ததும் பார்த்துவிட்டான். கத்தவில்லை, அழவில்லை.

"அதெல்லாம் டூப்ளிகேட் இல்லம்மா. நீ கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். பிறகு மூன்று நாளைக்கு "ம்", "சரி", "சாப்ட்டாச்சு".

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே வாக்கியத்தை நான் 1994-லேயே சொல்லியிருக்கிறேன். நியூஜெர்சி, எடிசன். என்னிடம் 43 பெஸ் இருந்தது. அபார்ட்மென்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறின வாரம், அம்மா அந்த ஷூ டப்பாவை கராஜ் சேலில் வைத்து யாருக்கோ ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார். "பிளாஸ்டிக் குப்பைடி, இன்னும் என்ன சின்னப் பிள்ளையா நீ?" என்றார். முப்பது வருஷமாக இதை அவருக்கு ஞாபகப்படுத்தாத பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை.

புகைபிடிப்பவர்களுக்காக வந்த மிட்டாய்

அவன் பேசாமல் இருந்த நாட்களில், அவன் மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டினேன். அதில் இருந்ததில் பாதி எனக்குத் தெரியாது.

பெஸ் பிறந்தது அமெரிக்காவில் இல்லை, ஆஸ்திரியாவில். 1927-ல் வியன்னாவில் எட்வர்ட் ஹாஸ் என்பவர் பெப்பர்மின்ட் மிட்டாயாக விற்க ஆரம்பித்தார். பெப்பர்மின்ட்டுக்கு ஜெர்மன் மொழியில் உள்ள சொல்லின் முதல், நடு, கடைசி எழுத்துகளைச் சேர்த்தால் 'பெஸ்'. அது குழந்தைகளுக்கான மிட்டாயே அல்ல. சிகரெட்டை விட நினைக்கிற பெரியவர்களுக்கானது. அதனால்தான் 1940-களின் இறுதியில் வந்த முதல் டிஸ்பென்சர் சிகரெட் லைட்டர் மாதிரியே இருந்தது. தலை, முகம் எதுவும் கிடையாது.

1952-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது இங்கே பெரியவர்களிடம் அது அவ்வளவாக எடுபடவில்லை. கம்பெனி யோசித்து, மிட்டாயில் பழச் சுவையையும் டிஸ்பென்சரில் ஒரு தலையையும் சேர்த்தது. சான்டா, ரோபோ என்று தொடங்கி, 1958-ல் போபாய் வந்தார். உரிமம் வாங்கிச் செய்த முதல் கார்ட்டூன் தலை அவருடையதுதான். அதற்குப் பிறகு மிக்கி மவுஸ் முதல் ஸ்டார் வார்ஸ் வரை பெஸ் ஆகாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் ஏற்பாடு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: அடியில் ஒரு ஸ்பிரிங், மேலே வரிசையாகப் 12 மிட்டாய்.

நான் 'டூப்ளிகேட்' என்று எடுத்துப்போட்டவற்றில் இரண்டு டொனால்ட் டக் இருந்தன. ஒன்றுக்குக் கீழே தட்டையான பாதம், இன்னொன்றுக்குப் பாதம் இல்லை. நான் கவனிக்கவே இல்லை. பாதம் வந்தது 1987-ல், பொம்மை விழாமல் நிற்பதற்காக. பாதம் இல்லாதது பெரும்பாலும் அதற்கு முந்தையது. தண்டின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அமெரிக்கக் காப்புரிமை எண் இருக்கும். 26 லட்சத்தில் தொடங்கினால் 1952-ஆம் ஆண்டுக் காப்புரிமை, 39 லட்சம் என்றால் 1976, 49 லட்சம் என்றால் 1990. அது பொம்மை செய்த ஆண்டு இல்லை, காப்புரிமை கிடைத்த ஆண்டு. ஆனாலும் ஒரு துப்பு. அந்த டக்கைப் பற்றி அவன் நோட்டில் எழுதியிருந்தான்: "39 லட்சம், நோ ஃபீட். சோ 1976-க்கு அப்புறம், 1987-க்கு முன்னாடி. அம்மா வயசு."

அதைப் படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். பதினொன்றில் மூன்று கிடைத்தன. டக் போய்விட்டது.

பர்லிங்கேமில் ஒரு சின்ன அறை

இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடித்ததற்கு நானேதான் காரணம். 2018-ல், அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, பர்லிங்கேமில் இருந்த பெஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். சான்ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்குப் பக்கம். தாத்தாவை விமானம் ஏற்றிவிட்டு வரும்போது அழுதுகொண்டே வந்தான், சமாதானம் செய்ய ஓர் இடம் வேண்டியிருந்தது.

கேரி டாஸ் என்பவர் அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். தான் சேர்த்த பெஸ்ஸைக் கடையில் அழகுக்கு அடுக்கி வைத்தார். கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களைவிட பெஸ் பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிவிட, 1995-ல் அதையே மியூசியம் ஆக்கிவிட்டார். ஒரே ஓர் அறை, சுவர் முழுக்கத் தலைகள். ஏழடி பத்து அங்குலத்துக்கு ஒரு பனிமனிதன் டிஸ்பென்சரும் அங்கே உண்டு, கின்னஸில் இடம்பெற்றது. அதைச் செய்ததற்காக 2009-ல் பெஸ் கம்பெனியே அவர்மேல் வழக்குப் போட்டது தனிக் கதை!

அங்கே பேசப்படும் அபூர்வப் பொருட்களில் ஒன்று, 1970-களின் தொடக்கத்தில் வந்த 'மேக் எ ஃபேஸ்'. கண், மூக்கு, மீசை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். குழந்தைகள் விழுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் சீக்கிரமே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனாலேயே இன்று அதற்கு ஆயிரக்கணக்கில் விலை.

அந்த மியூசியம் 2019-ல் மூடிவிட்டது. அன்றைக்கு வாங்கிய கிட்டிதான் என் பையனின் முதல் பெஸ். நல்லவேளை, நான் கொடுத்த பையில் அது இல்லை.

பே ஏரியாவில் இருப்பவர்கள் இன்னொரு கதையும் கேட்டிருப்பீர்கள். பியர் ஒமிட்யார் 1995-ல் சான் ஹோசேயில் ஈபேயைத் தொடங்கியதே, அவருடைய வருங்கால மனைவி பெஸ் வாங்கி விற்பதற்காகத்தான் என்று. அது உண்மையில்லை. பத்திரிகைக்காரர்களை ஈர்க்க 1997-ல் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் கட்டிவிட்ட கதை என்று பிற்பாடு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஈபேயில் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. "எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் கதை வேணும், இல்லம்மா?" என்று ஒருமுறை என் பையன் கேட்டான். அப்போது சிரித்தேன்.

ஆச்சி சொன்னது

மூன்றாம் நாள் இரவு. ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்த அம்மா, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். "புள்ளைக்கு என்ன ஆச்சு? மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்."

சொன்னேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது: 'பார்த்தாயா, உன்னால்தான் நானும் இப்படி' என்பதுபோல.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "ராசா, ஆச்சியும் சேத்தேன், தெரியுமா?"

"வாட்? பெஸ்ஸா?"

"தீப்பெட்டிப் படம்."

அம்மா ஊர் கோவில்பட்டிப் பக்கம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று சுற்றிலும் தீப்பெட்டி ஆலைகள். சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்கிய தொழில் அது. ஒவ்வொரு ஆலைக்கும் ஒவ்வொரு படம். மயில், கிளி, புலி, பூட்டு சாவி என்று எண்ணி மாளாது. பிள்ளைகள் ரோட்டில், டீக்கடை வாசலில், பஸ் ஸ்டாண்டில் பொறுக்குவார்கள். தண்ணீரில் ஊறவைத்துப் படத்தை உரித்து, காயவைத்து, சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டுவார்கள். இரண்டு இருந்தால் மாற்றிக்கொள்வார்கள்.

"எங்கிட்ட முன்னூறுக்கு மேல இருந்துச்சு. ஒரே மயிலு, ஆனா ஒண்ணுல தோகை நீலம், இன்னொண்ணுல பச்சை. ரெண்டும் வேற வேறதான், பாக்கிறவங்களுக்குத் தெரியாது. ஏழாப்பு லீவுல, எங்கய்யா அந்த நோட்ட எடுத்து வெந்நி அடுப்புல போட்டுட்டாரு. பொம்பளப் புள்ள ரோட்டுல தீப்பெட்டி பொறுக்குதேன்னு."

எனக்கு இது தெரியாது. நாற்பத்தைந்து வருஷமாக இவர் மகளாக இருக்கிறேன், ஒருநாளும் சொன்னதில்லை.

"அப்புறம் எப்படிம்மா என் டப்பாவைத் தூக்கிக் குடுத்தே?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "அன்னிக்கு அது ஞாபகமே வரலடி. வீடு மாத்துற அவசரம். உங்கப்பாவுக்கு லீவு கிடையாது. எனக்கு அது வெறும் டப்பாவாத்தான் தெரிஞ்சுது" என்றார். பிறகு, "கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்."

முப்பது வருஷமாக நான் எதிர்பார்த்த வாக்கியம். வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் நானும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய ஆள் அங்கேயே உட்கார்ந்திருந்தான். "சாரிடா. கேட்டிருக்கணும்" என்றேன். தமிழில் சாரிக்கு வேறு என்ன சொல்வது என்று அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சேர்த்தால்

பெஸ்ஸோ, போகிமான் அட்டையோ, கல்லோ, எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்கள் வந்திருக்கின்றன. உங்களுக்கும் உதவலாம்.

அவனுடைய அலமாரியில் ஒரு தட்டு அவனுக்கு. அது நிரம்பினால் எதை விடுவது என்று அவன்தான் முடிவு செய்வான். நாங்கள் தொடுவதில்லை.

மாதத்துக்கு ஒன்று. மிட்டாய் ஒரு நாளைக்கு இரண்டு, மீதி டப்பாவில். (சின்ன வயதில் அப்பா பாக்கெட்டைத் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கித் தருவார். நானும் அதையே செய்கிறேன்.) கீழே தவழும் தம்பி தங்கை இருந்தால் 'மேக் எ ஃபேஸ்' கதையை நினைவில் வையுங்கள்.

விலை ஏறும் என்று ஆசை காட்டாதீர்கள். 1982 உலகக் கண்காட்சிக்காகச் செய்த விண்வெளி வீரர் பெஸ் ஒன்று 32,000 டாலருக்கு விற்றதாகச் சேர்ப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டது விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். டார்கெட்டில் வாங்கியது டார்கெட் விலைக்குத்தான் போகும்.

உண்மையிலேயே இரட்டையாக இருப்பவை தபாலில் பிளேனோவுக்குப் போகின்றன. அங்கே என் சித்தி மகனின் பெண்ணும் இதே கேஸ்தான். நியூஜெர்சிக்காரர்கள் காரை எடுத்தால் கனெக்டிகட்டில் ஆரஞ்ச் என்ற ஊரில், கம்பெனியின் தொழிற்சாலையை ஒட்டி 2011-ல் திறந்த பார்வையாளர் மையம் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு நாளைக்கு நல்ல வேலை.

கடைசியாக, நோட்டு. ஒவ்வொரு பெஸ்ஸுக்கும் ஒரு வரி: பெயர், எண், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது. தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்துக்கு முனகுகிறவன், இதில் 'யார் கொடுத்தது' என்ற இடத்தை மட்டும் தமிழில் எழுதுகிறான். நான் சொல்லவில்லை. "தாத்தான்னு இங்கிலீஷ்ல எழுதினா வேற யாரோ மாதிரி இருக்கு" என்றான்.

அந்த இரவு ஆச்சியிடம் அவன் கடைசியாகக் காட்டியது லைட்டர் வடிவப் பழைய பெஸ்ஸின் படம். "ஆச்சி, ஃபர்ஸ்ட் பெஸ் இப்படித்தான் இருந்துச்சு. நீங்க தீப்பெட்டி, இது லைட்டர். சேம் டிபார்ட்மென்ட்."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் ஊருக்குப் போனவர், போன வாரம் ஒரு கவர் அனுப்பியிருக்கிறார். உள்ளே ஆறு தீப்பெட்டிப் படங்கள், பக்குவமாக உரித்துக் காயவைத்தவை. ஒன்றில் மயில்.

நோட்டில் புதுப் பக்கம் தொடங்கிவிட்டான். யார் கொடுத்தது: ஆச்சி.

டக் இருந்த வரியை அவன் அடிக்கவில்லை. "போயிடுச்சு, மார்ச்" என்று மட்டும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.