டியூஷன் இல்லை, ரப்பர்தான்!

பையன் படிக்க மாட்டேன் என்கிறானா? பொண்ணு எரிந்து விழுகிறாளா? திட்டுவதற்கு முன்னால், அவர்கள் புழங்கும் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு சுற்று பாருங்கள். அங்கேதான் ஆச்சரியமே இருக்கிறது!

நியூயார்க்கின் பி.எஸ். 98 பள்ளிக்கூடத்தை ஒட்டி, உயரப் பாலத்தில் ரயில் ஓடும். எவ்வளவு நேரத்துக்கு ஒன்று தெரியுமா? நாலரை நிமிடத்துக்கு ஒன்று! டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, தடதட சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். 1975-இல் வெளியான முடிவு? ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்தவர்கள், ஆறாம் வகுப்புக்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கிவிட்டார்கள்! அதே பள்ளி! அதே பாடம்! பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். மறுபடி சோதித்தால், வித்தியாசத்தையே காணோம்! டியூஷன் வைக்கவில்லை சார், ரப்பர் வைத்தார்கள்!

ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு, வேறு இடத்தில் புதிதாகத் திறந்தார்கள். பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் ஞாபகசக்தியும் கூடின. புதிய இடத்தில்? சரிந்தன!

ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், கடந்த மாதம் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-இல்? வெறும் 5 சதவீதம்! தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதம்! என்ன மாயம்? குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுக்காரர்கள் ராத்திரி 10 மணிக்கு மேல் வெளியே சுற்றக்கூடாது. அப்பா அம்மாக்களே கூட்டமாகத் தெருவில் ரோந்து போனார்கள்! விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்கு அரசுப் பணம் கொட்டியது. ரெய்காவிக் நகராட்சி மட்டும் ஒரு பிள்ளைக்கு வருடம் 35,000 குரோனா கொடுத்தது! 'குடி குடியைக் கெடுக்கும்' என்று போஸ்டர் ஒட்டி மட்டும் இது நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

குலுக்கல் சீட்டு ஒரு பிள்ளையின் சம்பளத்தை மாற்றுமா? மாற்றியது! 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் 5 நகரங்களில், சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்துக் குலுக்கினார்கள். சீட்டு விழுந்தால், வறுமை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி! 13 வயதுக்குள் அப்படிக் குடிபோன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டிப் போனவர்களுக்கு? அந்த லாபமே இல்லை! இன்னும் விசித்திரம் கேளுங்கள்: இடம் மாறிய பெண் பிள்ளைகளின் மனநலம் தேறியது, பையன்களுக்கோ மோசமானது!

சியாட்டிலில் 2016-இல் உயர்நிலைப் பள்ளி மணியை 7:50-லிருந்து 8:45-க்குத் தள்ளினார்கள். பிள்ளைகளுக்குத் தினமும் 34 நிமிடம் கூடுதல் தூக்கம்!

கடைசியாக டென்மார்க். 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறுவயதில் வாழ்ந்த இடங்களைச் செயற்கைக்கோள் படங்களில் தேடினார்கள். பசுமை மிகக் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்கு, பின்னாளில் மனநோய் வரும் ஆபத்து 55 சதவீதம் வரை கூடுதல்! உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை மரம் இருக்கிறது? சாயங்காலம் பிள்ளையோடு போய் எண்ணிப் பாருங்களேன்!