மண்ணெண்ணெய் கற்றுத்தந்த காபரேற்றர் பாடம்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. தடை செய்யப்பட்ட பொருள்களில் பெற்றோலும் ஒன்று. ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள்களும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. அப்போது பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு வாகனம் என்றாலே புகையும் கண்ணெரிவும்தான்.

பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடியது? காபரேற்றரின் ஒடுங்கிய பகுதியால் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அதனால் எரிபொருள் ஜெற் என்ற நுண்துளை வழியே மேலேறி, தூறலாகிக் காற்றோடு கலக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவிதான். பெற்றோல் குளிர்ந்த எஞ்சினிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால்தான் சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்தார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடியது.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைக் கடந்து எஞ்சின் ஒயிலில் கலந்து, ஒயிலின் தடிப்பைக் குறைக்கும். எஞ்சின் விரைவில் தேயும். 2022 நெருக்கடியில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றானபோது எனக்கு அந்த நாள்கள்தான் நினைவுக்கு வந்தன. கிடைக்கிற பெற்றோலை வீணாக்காமல் எரிக்கச் சிறந்த வழி காபரேற்றரைச் சரியாக வைப்பதுதான்.

முதலில் காற்று வடிகட்டியையும் பிளக்கையும் துப்புரவாக்குங்கள். பத்து நிமிடம் ஓடி எஞ்சினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் வைத்த அளவு பிறகு பொருந்தாது. கலவை ஸ்குறூவை மெதுவாக முழுதும் பூட்டி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுத் திறவுங்கள். இறுக்கிப் பூட்டினால் அதன் முனை கெடும். பின்பு கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இனி வேக ஸ்குறூவால் வேகத்தைக் குறையுங்கள்.

இப்போது அக்சிலேற்றரைச் சட்டென முறுக்குங்கள். விக்கி நின்றால் பெற்றோல் போதாது. கரும்புகை வந்தால், பிளக்கில் கரி பிடித்தால் பெற்றோல் கூடிவிட்டது. ஸ்குறூ காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால், உள்ளே திருப்பப் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் மறுதலை.

திருப்பியும் மாற்றமே தெரியவில்லையென்றால் ஸ்குறூவோடு மினக்கெட வேண்டாம். பெரும்பாலும் பைலட் ஜெற் அடைத்திருக்கும். கழற்றி, பெற்றோலில் கழுவி, காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். பிறகு எந்த ஸ்குறூவாலும் சரிசெய்ய முடியாது.