நம்பர் பிளேட் இருக்குமா, போகுமா?

நண்பரின் மகன் ஹைதராபாத் கூக்கட்பள்ளியில் இருக்கிறான். பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறான். "அங்கிள், இதை டிராக் காரா மாத்தணும். முதல்ல டர்போ போடலாமா, எக்ஸாஸ்ட் மாத்தலாமா?" என்று கேட்டான். இரானி சாய் வந்திருந்தது, கூடவே உஸ்மானியா பிஸ்கட். அவசரம் ஒன்றுமில்லை. "முதல்ல இதைச் சொல்லு, நம்பர் பிளேட் இருக்குமா, போகுமா?" என்றேன்.

கார் ரோட்டிலும் ஓட வேண்டுமா, டிராக்கில் மட்டுமா என்பதைத்தான் ஹைதராபாத்காரர் முதலில் தீர்க்க வேண்டும். 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது, ழான்-எரிக் வேர்ன் ஜெயித்தார். ஆனால் அது ஊர்ச் சாலையை மறித்துப் போட்ட டிராக். தடுப்புகளைப் பிரித்ததும் பழையபடி பஸ் ஓடியது, அடுத்த ஆண்டுப் பந்தயமும் ரத்தானது. 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறதே என்பார்கள். லாரியும் குடும்பங்களும் போகிற நெடுஞ்சாலை அது. அந்தப் பேச்சே வேண்டாம். காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு டிராக்குக்குப் போக வேண்டும். அது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த டிராக், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நார்கட்பள்ளி, அத்தங்கி, ஓங்கோல், நெல்லூர் என்று போனால் 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். பிளேட் இருந்தால், அங்கே ஓட்டிய அதே காரில்தான் வீடு திரும்பவும் வேண்டும்.

சட்டம் இதில் கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சீட்டைப் பிடுங்கி, ரோல் கேஜ் என்கிற பாதுகாப்புக் கூண்டு கட்டி, சைலன்சரைக் கழற்றிய காரை ரோட்டில் ஓட்டிப் போக வழியில்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். டூரிங் கார் பந்தயத்துக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

முழு மாற்றம் என்றால் அதற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, ஒற்றை இருக்கைச் சட்டத்தில் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். இந்தியப் பந்தயக்காரர்களில் ஒரு தலைமுறையே அதில்தான் பழகியது. பால் வாங்கப் போகிற காரின் இஞ்சினே பந்தயத்துக்குப் போதும் என்று காட்டியவர் அவர். குதிரைத்திறன் என்று அலைகிற பையன்களுக்கு இந்தக் கதையைத் தவறாமல் சொல்லிவிடுவேன்.

பையன் அடுத்து கூண்டுக்கு வந்தான். "பாதி ரோல் கேஜ் போட்டு, ரோட்லயும் ஓட்டலாம்ல?" இந்தப் பாதி வேலைதான் ஆபத்து. பந்தயக் கூண்டின் பிரதான வளைவுக்கு எஃப்.ஐ.ஏ. விதி கேட்பது குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள, தையல் இல்லாத எஃகுக் குழாய். கிரில் கேட் பட்டறையில் வளைத்துத் தருகிற பைப்பை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நல்ல குழாயாகவே இருந்தாலும், ஹெல்மெட் போட்ட தலைக்குக் காவலாக நிற்கிற அதே குழாய், ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புலக்கை. ஹார்னஸ் என்கிற நாலு முனை பெல்ட்டிலும் இதே சிக்கல் உண்டு. கூண்டில்லாத கார் உருண்டு கூரை நசுங்கினால், சாதா பெல்ட் உடம்பைக் கொஞ்சம் சாய விடும். ஹார்னஸ் நிமிர்த்தியே பிடித்து வைக்கும். எனவே சீட், ஹார்னஸ், கூண்டு, ஹெல்மெட் எல்லாம் ஒரே செட். போட்டால் எல்லாவற்றையும் போட வேண்டும், இல்லையென்றால் கம்பெனி பெல்ட்டே நல்லது.

பிளேட் இருக்கட்டும் என்று பையன் முடிவெடுத்த பிறகுதான் பிரேக்குக்கு வந்தோம். நான் எப்போதுமே இங்கிருந்துதான் தொடங்குவேன். 140-ல் போகிற காரிடம் 70-ல் போகிற காரைப் போல நாலு மடங்கு சக்தி இருக்கிறது. பிரேக் மிதித்தால் அந்தச் சக்தி முழுக்கச் சூடாகிறது, அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளில் இறங்குகிறது. ஊருக்குள் ஒரு தடவை அழுத்தி மிதித்தால் ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்து நிற்கும்.

இங்கே கெடுவது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியை விட்டுவிட்டது. பெடலே மெத்தென்று தரைவரை போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 155 ஆகிவிடுகிறது. கொதித்தால் குமிழி உண்டாகும், நாம் மிதிக்கிற மிதி அந்தக் குமிழியை நசுக்குவதோடு சரி. டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது டீ நிறத்தில் இருந்தால் அது பழைய ஆயில். புது ஆயில் மாற்றி, நாலு சக்கரத்திலும் காற்றெடுத்து, சூடு தாங்கும் பேட் போட்டாலே பாதி வேலை முடிந்தது. டர்போ விலையில் இது ஒரு சிறு பங்கு.

டயர் நல்லதாகப் போட வேண்டும். ஓட ஓடச் சூட்டில் காற்றழுத்தம் ஏறும் என்பதால் குறைவாக அடித்துத் தொடங்கி, பிட்டுக்கு வந்ததும் சூட்டோடு அளந்து சரிசெய்ய வேண்டும். ஊர் திரும்பும்போது மறக்காமல் பழைய அளவுக்கு அடிக்க வேண்டும். நல்ல பிடியுள்ள டயர் போட்டால் இன்னொரு தலைவலி வரும். நீண்ட வளைவில் இஞ்சின் சம்ப்பில் உள்ள ஆயில், பஸ் திரும்பும்போது தூக்குவாளிச் சாம்பார் ஒதுங்குகிற மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைக்கலாம். தொடக்கக்காரர் ஆயிலை மேல் கோடு வரை வைத்திருந்தாலே போதும்.

எடையைக் குறைக்க ஸ்டெப்னி, ஜாக், டிக்கி சாமான் எல்லாவற்றையும் பிட்டில் இறக்கி வைத்தால் போதும். ஏ.சி.யைக் கழற்றுகிறேன் என்று நின்றான். மே மாதம் வழியில் மிரியாலகூடாவைத் தாண்டும்போது அதன் பலன் தெரியும் என்றேன்; சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆற விட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. பின் டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். பிறகு வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். வரும்போது முக்கால் தேய்வில் இருந்த பேட் இரண்டு செஷனில் தகடு வரை போயிருக்கும். நெல்லூரில் ஞாயிறு ராத்திரி கடை தேட முடியாது. கம்பெனி பேட் ஒரு செட் டிக்கியிலேயே இருக்கட்டும்.