நிரல் எழுதும் யந்திரமும் பொதுப் பண்டாரமும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. கீர்த்தி பெருகியதேயன்றி, அவ்வித்தை இன்னமும் கைப்பழக்கத்திலேயே வாழ்கிறது. கைகள் ஓய்ந்தால் வித்தையும் ஓயும். கணினிக்கு நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகளுக்கும் இதே குறை உண்டென்பது விந்தையான விஷயம். நேற்று அரும்பாடுபட்டுத் தீர்த்த பிழையை, இன்று புதிதாக வேலை தொடங்கும்போது அவை பெரும்பாலும் அறியா.

இதற்குப் பரிகாரமாக, கற்ற பாடங்களை ஒரு பொதுப் பண்டாரத்தில் சேர்த்து, கட்டளை வரிக் கருவியின் வாயிலாகத் தேடியெடுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. இணைப்பது கடினமன்று. ஏஜெண்டு நம்மைப்போலவே கணினி முனையத்தில் கட்டளையிட வல்லது. ஆகையால், ‘தொடங்குமுன் பண்டாரத்தைத் தேடு, முடிந்தபின் கற்றதைப் பதிவு செய்’ என்று அதன் குறிப்புக் கோப்பில் இரண்டொரு வரி எழுதினால் பெரும்பாலும் போதும். ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறை மற்றொரு வழி.

அபாயமும் உண்டு. விஷமி ஒருவன் பண்டாரத்தில் எழுதிவைத்த வரியையும் உத்தரவென்று கொண்டு ஏஜெண்டு நிறைவேற்றிவிடக் கூடும். கடவுச்சொற்கள் பிறர் கைக்குப் போகலாம். எழுதும் உரிமை யாருக்கு, சரிபார்ப்பவர் யார் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

பண்டாரம் எங்கே இருப்பது? நம் இளைஞரின் அனுபவத்தை அந்நியக் கம்பெனியிடம் கொட்டிவிட்டு, அதையே பின்னர் விலைக்கு வாங்குவது பழைய பருத்திக் கதையே. ஏஜெண்டே பெரும்பாலும் அந்நியச் சரக்குத்தானே என்பார் சிலர். அதனாலேயே பண்டாரமாவது நம்முடையதாக இருக்க வேண்டுமென்கிறோம். சாதாரண எழுத்துக் கோப்புகளாக, 2005-இல் தோன்றிய கிட் முறையில், சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் கல்லூரி மாணவர்கள் இவ்வருஷமே தமிழில் ஒன்று தொடங்கட்டும்.