தோட்டா இல்லாத துப்பாக்கி

துப்பாக்கி ஒருவர் கையிலும் அதற்குரிய தோட்டா மற்றொருவர் கையிலும் இருக்குமானால், அந்தத் துப்பாக்கிக்கு உண்மையான சொந்தக்காரர் யார்? இக்கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. நமது ஜில்லாவில் பழைய ரைபிள் வைத்திருக்கும் சிலருக்கு இது நிதரிசனமான சங்கடமாகும்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லும் சாலையில், ஏதேனும் ஒரு கிராமத்தில், பழைய மிராசுதார் வீடு ஒன்றை வாசகர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளட்டும். பாட்டனார் சென்னை மவுண்ட் ரோடில் வாங்கிய ரைபிள் பிதுரார்ஜிதமாகப் பேரனிடம் வந்திருக்கிறது. அவர் கலெக்டர் ஆபீஸில் முறையாக லைசென்ஸ் பெற்றிருக்கிறார். தவறாமல் கட்டணம் செலுத்துகிறார். தேர்தல் காலத்தில் உத்தரவு பிறந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறார். பிரஜையின் கடமையில் அவர் பால் ஒரு குறையுமில்லை. ஆயினும் அந்த ரைபிளுக்குப் பொருந்தும் தோட்டா ஒன்றுகூடக் கடையில் கிடையாது. எண்ணெய் தடவித் துடைத்து வைப்பதோடு அவருடைய உரிமை முடிந்துவிடுகிறது.

விஷயம் அறியாதவர்கள், "ஏதாவது ஒரு தோட்டாவைப் போட்டால் ஆகாதா?" என்று கேட்பார்கள். ஆகாது. ஒவ்வொரு ரைபிளின் குழல் விட்டமும், தோட்டா தங்கும் அறையின் நீளமும் வடிவும் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்றே கடையப்பட்டவை. மயிரிழை வித்தியாசமும் சுடுகிறவனுடைய கண்ணையும் கையையும் வாங்கிவிடும். அமெரிக்காவில் எந்தத் தொழிற்சாலையும் செய்யாத தோட்டாக்களை, வேறு தோட்டாக்களின் பித்தளைக் கூட்டை மாற்றித் தாங்களே அமைத்துக்கொள்ளும் பிரியர்கள் உண்டு. அவ்வித விட்டங்களுக்குக் 'காட்டுப் பூனை' என்றே அங்கே பெயர். நமது நாட்டில் லைசென்ஸ் இன்றித் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகையால் அங்கே பொழுதுபோக்காயிருப்பது இங்கே சிறைவாசத்திற்கு வழியாகும்.

ஆயுதத்தைக் காட்டிலும் மருந்தே பெரிது என்பதை நமது ஜில்லா நன்கு அறியும். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சீபுரத்திற்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் சைனியம் கர்னல் பெய்லியின் படையை வளைத்துக்கொண்டது. பெய்லியிடம் பீரங்கிகளும் இருந்தன. பயிற்சி பெற்ற சிப்பாய்களும் இருந்தனர். ஆனால் நடுப்போரில் அவருடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அத்துடன் சண்டையின் முடிவும் தெரிந்துவிட்டது. அந்தக் காட்சியை ஸ்ரீரங்கபட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம். காஞ்சியில் தங்கியிருந்த ஜெனரல் மன்றோ தம்முடைய பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக் கோட்டையை நோக்கிப் பின்வாங்கினார்.

ஆங்கில ஆட்சியினர் இப்பாடத்தை மறக்கவில்லை. லிட்டன் பிரபு காலத்தில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிறந்தது. அதன்படி இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. அதனோடு அவர்கள் நிற்கவில்லை. 1907ஆம் ஆண்டளவில் .450 விட்டமுள்ள ரைபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தனர். அந்தக் குண்டுகள் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு உதவிவிடலாம் என்ற அச்சமே காரணம். நேற்றுவரை யானை, புலி வேட்டைக்காரர்களிடையே பிரசித்தமாயிருந்த விட்டம் ஓர் உத்தரவினால் அநாதையாயிற்று. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 முதலிய புது விட்டங்களைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பின. பட்டாளத்தின் .303 விட்டமும் பொதுஜனங்களுக்கு விலக்கப்பட்டதாயிற்று.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். இன்று நமது நாட்டில் எங்கும் வழங்கும் .315 ரைபிளின் தோட்டா, ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்ததேயாகும். இந்தியச் சிப்பாய் எவனும் கையாளாத அந்நிய விட்டம் என்பதுதான் அதன் யோக்கியதை. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் அந்த ரைபிளைச் செய்து, அதற்குத் தோட்டாவும் செய்யத் தலைப்பட்டவுடன், அபூர்வமாயிருந்தது சர்வ சாதாரணமாயிற்று. ஆகவே, ஒரு விட்டத்தை அபூர்வமாக்குவதும் சாதாரணமாக்குவதும் உலோகமன்று. சர்க்காரின் பேனாவும் தொழிற்சாலையின் அச்சுமே என்பது தெளிவு.

தேசீய இயக்கம் இவ்விஷயத்தை அலட்சியம் செய்ததில்லை. 1887ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையே ஆயுதச் சட்டத்தின் கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. உப்புச் சத்தியாக்கிரகத்திற்கு முன்னர், 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும், அது ஜனங்களின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதும் ஒன்று. அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. அஹிம்ஸா மூர்த்தி ஆயுத லைசென்ஸ் கேட்டதைக் கண்டு அன்று சிலர் வியந்தனர். பலாத்காரமாக நிராயுதபாணியாக்கப்பட்டவனுடைய பொறுமை அஹிம்ஸையாகாது என்பதை அவர்கள் உணரவில்லை.

சுதந்திர பாரதத்தில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்று, 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நிற பேதம் ஒழிந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் வேட்டை விளையாட்டும் ஒழிந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், பரம்பரைச் சொத்தாக வந்தவை உட்பட, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றது. இவற்றை நாம் குறை கூறவில்லை. நமது ஜில்லா துப்பாக்கி மோகம் கொண்டதன்று. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காமல் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, 1790களின் இறுதியில் கௌல் வாங்கி அதைத் தடுத்த குடியானவர்களின் பூமி இது. வீட்டுக்கு வீடு ரைபிள் வேண்டும் என்று நாம் கேட்கப்போவதில்லை.

நாம் கேட்பது வேறு. நரிக்குறவ மக்களிடம் முன்பு இருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. மருந்தையும் ரவையையும் குழல்வாயில் இட்டுக் கிட்டித்தால் போதும். தோட்டா ரைபிளோ தொழிற்சாலையை நம்பிப் பிழைப்பது. வெளிநாட்டுத் தோட்டா சாதாரண லைசென்ஸ்தாரருக்கு வருவது 1980களின் நடுவிலிருந்து ஏறக்குறைய நின்றுவிட்டது. சர்க்கார் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்ட பிறகும், .315, 12 முதலிய சில விட்டங்களையே பொதுஜனங்கள் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. வைத்திருக்க லைசென்ஸ் கொடுத்துக் கட்டணமும் வாங்கும் சர்க்கார், பயன்படுத்த வழியில்லை என்பதையும் கவனிக்க வேண்டாமா?

இதற்கு மூன்று பரிகாரங்களை நாம் யோசனையாகக் கூறுகிறோம். ஜில்லாதோறும் லைசென்ஸ் பெற்ற ரைபிள்களின் விட்டங்களைக் கணக்கெடுத்து, சொந்தக்காரர் பெயரை வெளியிடாமல், எதற்குத் தோட்டா உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கலெக்டர்கள் அறிவிக்க வேண்டும். அபூர்வ விட்டங்களுக்கான தேவையை ஒன்றுசேர்த்து, ஆண்டுக்கொருமுறை சர்க்கார் தொழிற்சாலையில் செய்தோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் மூலம் கணக்கோடு தருவித்தோ வழங்கவேண்டும். இரண்டுக்கும் வழியில்லாத ரைபிள்களைச் சுடமுடியாதபடி செய்து, பாட்டனாரின் நினைவாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளவோ, எழும்பூர் மியூஸியம் போன்ற இடங்களுக்கு அளிக்கவோ சுலபமான முறை வகுக்கவேண்டும்.

ரைபிள் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. "இது பொருந்தும்" என்று சொல்லிக் கொல்லைப்புற வழியாகத் தோட்டா விற்க வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொருந்தாத தோட்டாவைப் போடுவதற்காக அறையை அராவச் சொல்லும் கைதேர்ந்தவனையும் நம்பவேண்டாம். பத்து வருஷம் சுடாமலிருந்த ரைபிளால் குடும்பத்திற்கு ஒரு கேடும் வராது. ஒருமுறை தவறாகச் சுட்டதால் வரும்.

நிராயுதமாக்கப்பட்ட ஜாதியென்று நம்மை முன்னோர்கள் வருந்திக் கூறிய காலம் போய்விட்டது. நம்முடைய சர்க்கார் தன் பிரஜையை நம்புகிறதானால், அந்த நம்பிக்கையை லைசென்ஸ் காகிதத்தோடு நிறுத்தலாகாது. நம்பவில்லையானால், காரணத்தைச் சொல்லி லைசென்ஸைத் திரும்பப் பெறட்டும். கொடுத்தும் கொடாத உரிமை பழைய ஆட்சியின் வழக்கம். அது நமக்கு வேண்டாம்.